யார் அளந்த உயரம்?

‘பாரமவுண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்மவரிடையே பெருமதிப்பு ஏற்பட்டிருக்கிறது. கல்லூரியின் ஆண்டறிக்கையாயினும் சங்கத்தின் சுற்றறிக்கையாயினும், ஆங்கிலத்தில் எழுதப்படும் எதுவும் அச்சொல்லைத் தொடாமல் முடிவதில்லை. நிறுவனத்தின் நலனே பாரமவுண்ட், ஒற்றுமையே பாரமவுண்ட், நற்பெயரே பாரமவுண்ட்! போதாக்குறைக்கு, இது ‘பரம’ என்னும் வடசொல்லிலிருந்து கடல் கடந்து சென்றது என்று மேடையேறி முழங்குவோரும் உளர். இரண்டும் காதில் ஏறத்தாழ ஒன்றாக விழுகின்றன என்பதைத் தவிர இக்கூற்றுக்கு வேறு ஆதாரம் கிடையாது. ஒலி ஒற்றுமையே உறவுக்குச் சான்றானால் தெருவில் போவோரெல்லாம் நமக்குச் சம்பந்திகள் ஆகிவிடுவர்.

சொல்லின் மீது நமக்குப் பகை ஒன்றும் இல்லை. அது பிறந்த இடத்தில் ஒழுங்காகத்தான் பிறந்தது. ஆனால் வலியவன் தன்னைத்தானே அளந்து கொள்ளும் கோலாக அது மாறிய கதையை அறியாமல் அதைக் கையாளுவது நமக்குத் தகாது. அறிந்தும் கையாளுவோர் இருப்பின் அவர்களிடம் கேட்க நமக்குச் சில கேள்விகள் உள்ளன.

மிகுந்து நிற்பதை, மேலோங்கி நிற்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்பஞ்சம் இல்லை. ‘டாமினன்ட்’, ‘பிரிடாமினன்ட்’ ஆகிய இரண்டும் ‘டாமினஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தவை. டாமினஸ் என்றால் வீட்டுக்கு உடையவன், எசமான். ‘பிரவலன்ட்’ என்பது வலிமையுடன் இருத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ‘பிரிபாண்டரன்ட்’ என்பது எடையிலிருந்து வந்தது. தராசில் எந்தத் தட்டு தாழ்கிறதோ அதுவே மிகுந்தது. ஆக, ஒன்றில் எசமான் இருக்கிறான். ஒன்றில் பயில்வான் இருக்கிறான். ஒன்றில் தராசு இருக்கிறது. இவற்றுள் தராசுச் சொல்லே நேர்மையானது என்போம். தட்டு தாழ்ந்ததை நாலு பேர் நின்று பார்க்கலாம் அல்லவா?

‘பாரமவுண்ட்’டில் இருப்பது குன்று. பழைய பிரெஞ்சு மொழியில் ‘பார் அமோன்’ என்றால் மேற்புறமாக, மேட்டுப் பக்கமாக என்று பொருள். ‘அமோன்’ என்பதன் இலத்தீன் மூலம் ‘மலையை நோக்கி’ என்பதாகும். தொகையைக் குறிக்கும் ‘அமவுண்ட்’ என்ற சொல்லும் இந்த மலையடிவாரத்தில் பிறந்ததே. தொகை ஏறிக்கொண்டே போவதால் அப்பெயர். ஆங்கிலப் படங்களின் தொடக்கத்தில் விண்மீன்கள் சூழ ஒரு மலைச்சிகரத்தைக் காட்டும் பாரமவுண்ட் நிறுவனத்தார், தம்மை அறியாமலோ அறிந்தோ, பெயரின் வேரையே சின்னமாக வைத்திருக்கின்றனர்! ‘அமோன்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘அவால்’. பள்ளத்தாக்கை நோக்கி என்பது அதன் மூலப்பொருள். இன்றும் பிரெஞ்சுக்காரர் ஆற்றின் மேல்பகுதியை அமோன் என்றும் கீழ்ப்பகுதியை அவால் என்றும் வழங்குகின்றனர். நமக்கு இது புதிதன்று. மலைத்தொடர் இருக்கும் மேல்திசையை மேற்கு என்றும், நிலம் சரிந்து கடலில் முடியும் கீழ்த்திசையைக் கிழக்கு என்றும் பெயரிட்டவர்கள் நாம். நில அமைப்பைச் சொன்ன சொற்கள் இவை. மேற்கே இருப்பவன் உயர்ந்தவன், கிழக்கே இருப்பவன் தாழ்ந்தவன் என்று எவரும் கொள்ளவில்லை.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அந்நாட்டு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சி செலுத்திற்று. நிலமெல்லாம் அரசனுடையது என்பது அவர்களின் சட்டக் கொள்கை. அரசனிடமிருந்து பிரபு பெறுவான். பிரபுவிடமிருந்து இன்னொருவன் பெறுவான். கடைசியில் மண்ணில் நின்று பாடுபடுகிறவன் பெறுவான். இந்தச் சங்கிலியில் தனக்கு மேல் எவரிடமும் நிலம் பெறாத உச்சியாளனுக்கு ‘லார்ட் பாரமவுண்ட்’ என்று பெயர். அடியில் இருந்த குடியானவனுக்கும் ஒரு பெயர் இருந்தது. அவன் ‘டெனன்ட் பாரவெய்ல்’. ‘பார் அவால்’ என்பதே பாரவெய்ல் ஆயிற்று, பள்ளத்தில் இருப்பவன். ஆக, பாரமவுண்ட் தனிச்சொல் அன்று. ஓர் இணையில் பாதி. உச்சியாளனின் பெயரைச் சொன்னால் அடியில் இருப்பவனின் பெயரும் உடன் நிற்கும். ஒருவன் யாரிடமிருந்து எவ்வளவு நிலத்தை என்ன கடமைக்குப் பெற்றான் என்பதும் எழுத்தில் இருக்கும். அதை மீறினால் வழக்காடலாம். நம் நாட்டில் மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதைப் போல. குடிவாரம் இல்லாமல் மேல்வாரம் ஏது?

1766இல் தம் சட்ட விளக்க நூலின் இரண்டாம் பாகத்தை வெளியிட்ட பிளாக்ஸ்டன் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர், ‘பாரவெய்ல்’ என்பதற்கு நிலத்தின் பயனை அடைகிறவன் என்று விளக்கம் தந்தார். பயனைக் குறிக்கும் ‘அவெய்ல்’ என்ற சொல்லின் ஒலி அவரை மயக்கிவிட்டது. உழுது உழைத்து, மேலுள்ள ஒவ்வொருவருக்கும் பங்கு அளந்துவிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு செல்பவனுக்குப் ‘பயனடைவோன்’ என்று பட்டம்! பள்ளத்தில் நிற்பவனின் பெயரைக்கூட மேட்டில் நிற்பவர்கள் சரியாகப் படிக்கவில்லை. பிறகு அச்சொல் வழக்கொழிந்து சட்ட அகராதிகளுக்குள் அடங்கிவிட்டது. பாரமவுண்டோ பிள்ளைகளின் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. இணையில் பாதி இறந்த பின்பே மீதிப் பாதிக்கு இந்தத் தலைக்கனம் வந்தது என்பது நம் துணிபு.

உச்சியாளன் என்ற பட்டத்தை வாதத்தில் வெல்லும் கருவியாக்க முடியும் என்பதை இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு மிக முன்பே கண்டுகொண்டார். ஸ்காட்லாந்தின் அரியணைக்குரிய சிறுமி 1290இல் இறந்தபோது பலர் உரிமை கொண்டாடினர். நடுவராக இருந்து தீர்த்து வைக்குமாறு அந்நாட்டார் எட்வர்டை அழைத்தனர். அவர் 1291இல் நாரம் என்னும் ஊருக்கு வந்தார்; தீர்ப்பளிக்கும் முன்பே, தம்மைத் தங்கள் மேலாண்டகையாக அனைவரும் ஏற்றாக வேண்டும் என்றார். வரலாற்று ஆசிரியர்கள் இதை ‘லார்ட் பாரமவுண்ட்’ என்றே எழுதுகின்றனர். அரியணைக்கு ஆசைப்பட்டவர்கள் ஏற்றுக்கொண்டனர். 1296இல் எட்வர்டின் படை அந்நாட்டுக்குள் புகுந்தது. நாட்டாண்மை செய்ய வந்தவர் வீட்டையே எழுதி வாங்கிய கதைதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இச்சொல்லின் முழு வடிவத்தை இங்கேதான் காண முடியும்.

கர்நாடக நவாபின் ஆட்சியைக் கம்பெனியார் 1801இல் ஓர் உடன்படிக்கையின் மூலம் தம் கைக்கு மாற்றிக் கொண்டனர். நவாபுக்குப் பட்டமும் வருவாயில் ஒரு பங்கும் மிஞ்சின. 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி மறைந்தபோது, அவருடைய சிறிய தந்தையார் ஆஜிம் ஜா உரிமை கோரினார். 1801ஆம் ஆண்டு உடன்படிக்கை அதில் கையொப்பமிட்ட நவாபுக்கு மட்டுமே உரியது, வாரிசுகளைப் பற்றி அதில் பேச்சில்லை என்று கூறி டல்ஹௌசியின் அரசு மறுத்துவிட்டது. ஆர்க்காட்டு இளவரசர் என்ற பட்டம் பின்னரே அக்குடும்பத்துக்கு வழங்கப்பட்டது. அநியாயம்தான், ஆயினும் அங்கே குறைந்த அளவு ஒரு காகிதத்தை விரித்து வைத்து வழக்காட வேண்டியிருந்தது. உடன்படிக்கையைத் திரித்துப் படித்தார்கள் என்றால், படிக்கவாவது செய்தார்கள் என்பது பொருள்.

எழுபது ஆண்டுகள் கழித்து அந்தக் காகிதமும் வேண்டாததாயிற்று. ஹைதராபாத் நிஜாமுக்கு உரிய பேரார் மாகாணம் 1853இல் படைச் செலவுக்காக ஆங்கிலேயர் பொறுப்பில் விடப்பட்டது. 1902இல் கர்சன் பிரபு ஆண்டுக்கு 25 லட்ச ரூபாய்க்கு அதை நிரந்தரக் குத்தகையாக்கினார். முதல் உலகப் போரில் பெரும் பொருள் கொடுத்து உதவிய நிஜாம் மீர் உஸ்மான் அலி கானுக்கு ‘நம்பிக்கைக்குரிய நட்பாளர்’ என்ற பட்டம் கிடைத்திருந்தது. பட்டத்தை நம்பியோ என்னவோ, 1923இல் அவர் பேராரைத் திருப்பிக் கேட்டார். மறுக்கப்பட்டபோது, வெளிநாட்டு விவகாரங்கள் நீங்கலாகத் தாமும் ஆங்கில அரசும் சமநிலையில் நின்று உடன்படிக்கை செய்தவர்கள். ஆகவே ஒருவர் மறுப்பதால் வழக்கு முடிந்துவிடாது என்று 1925இல் எழுதினார்.

வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் மறுமொழி 1926 மார்ச் 27ஆம் நாளிட்டது. அவர் பதவி விலகிச் செல்லச் சில நாட்களே இருந்தன. ரீடிங் யார்? இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டம் அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. அவர் எழுதியதன் சாரம் இது: ஆங்கிலேய முடியின் இறைமை இந்தியாவில் அனைத்துக்கும் மேலானது, ஆகவே எந்தச் சமஸ்தானத்து மன்னரும் அதனுடன் சமமாக நின்று பேச உரிமை கோர முடியாது, அந்த மேன்மை உடன்படிக்கைகளால் மட்டும் வந்ததன்று, அவற்றுக்கு அப்பாற்பட்டுத் தனித்தே நிற்பது, ‘நம்பிக்கைக்குரிய நட்பாளர்’ என்ற பட்டமும் முடியின் பாரமவுண்ட்சியின் கீழுள்ள மற்றச் சமஸ்தானங்களிலிருந்து ஹைதராபாத்தைப் பிரித்துவிடாது.

இதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நீ ஏன் எனக்குச் சமமல்ல? நான் மேலானவன் என்பதால். நீ எப்படி மேலானவன்? உடன்படிக்கையினாலா? அதனால் மட்டும் அல்ல. பின் எதனால்? மேலாக இருப்பதால்! குன்றின் மேல் நிற்பவன், தான் குன்றின் மேல் நிற்பதையே தன் உயரத்துக்குச் சான்றாகக் காட்டுகிறான். தலைமை நீதிபதியாக இருந்தபோது எதிரே நின்ற வழக்கறிஞர் ஒருவர் இப்படி வாதிட்டிருந்தால் இவர் கேட்டுக் கொண்டிருப்பாரா?

மன்னர்கள் கலங்கிப் போயினர். பாரமவுண்ட்சியின் எல்லை எது என்று வரையறுத்துச் சொல்லுங்கள் என்றனர். 1927 இறுதியில் ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் மூவர் குழு அமைந்தது. அதில் ஒருவர் ஹோல்ட்ஸ்வொர்த். ஆங்கிலச் சட்ட வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியவர். லார்ட் பாரமவுண்ட், டெனன்ட் பாரவெய்ல் ஆகியோரின் கதையெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும். 562 சமஸ்தானங்களின் நிலையை ஆராய்ந்து 1929இல் குழு அறிக்கை தந்தது. வரையறை கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை: பாரமவுண்ட்சி பாரமவுண்டாகவே இருந்தாக வேண்டும், காலத்தின் தேவைக்கேற்பத் தன்னைத் தானே வரையறுத்தும் மாற்றியும் கொள்ள வேண்டும். ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டால் அதே சொல்லை இரண்டு முறை சொல்வது எந்த அகராதியின் முறை? ‘எல்லை எது?’ என்று கேட்டவனிடம், ‘நான் எங்கே வந்து நிற்கிறேனோ அதுதான்’ என்று வேலிக்காரன் சொன்னானாம், அதுபோல்தான் இது.

எல்லையற்ற அதிகாரம் எங்கெல்லாம் நுழையும் என்பதற்குத் தமிழகத்துப் புதுக்கோட்டையே சான்று. அதன் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்மணி ஒருவரை மணந்தார். மகனும் பிறந்தான். அந்த மகனை வாரிசாக ஏற்க ஆங்கில அரசு மறுத்துவிட்டது. மன்னர் வெளிநாட்டிலேயே வாழ்ந்து 1928இல் பாரிசில் மறைந்தார். அரசு தேர்ந்தெடுத்த வேறொரு சிறுவர் அரியணை ஏறினார். மன்னரின் மணவறை வரையிலும் வந்து நின்ற மேலாதிக்கத்துக்கு, இன்ன சட்டம், இன்ன பிரிவு என்று காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

இதுவரை படித்த நம்மவர் சிலர், ‘பாவம் நிஜாம்’ என்று பெருமூச்சு விடக்கூடும். ஹைதராபாத்தை எண்ணிக் கண்கலங்குவது நம் இல்லங்களில் பரம்பரை வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த வழக்கத்தோடும் நமக்கு உடன்பாடில்லை. ரீடிங்கிடம் சமத்துவம் கேட்ட நிஜாம், தமக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதைத் தந்தாரா? பேராரைத் திருப்பித் தந்தால் அம்மக்களுக்குப் பொறுப்பாட்சி வழங்குவதாக 1923ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் சொன்னது உண்மை. கையில் இல்லாத பேராருக்குத் தர முன்வந்த பொறுப்பாட்சியைக் கையில் இருந்த ஹைதராபாத்துக்கு அவர் தரவில்லை என்பதும் உண்மை. ஜாகீர்தார்களின் கீழும் தேஷ்முகர்களின் கீழும் வெட்டியுழைப்புச் செய்த தெலங்கானாக் குடியானவர்கள் 1946இல் ஆயுதம் ஏந்தியது விளையாட்டுக்கன்று. மேலிருந்தவனைப் பார்த்து நியாயம் பேசியவர் கீழிருந்தவனுக்கு ரீடிங்காகவே இருந்தார்.

1947இல் இக்கதையின் முடிவு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, சமஸ்தானங்கள் விட்டுக்கொடுத்த உரிமைகளெல்லாம் அவற்றுக்கே திரும்பும் என்று ஆங்கில அரசு அறிவித்துவிட்டது. மன்னர்களுக்குத் திரும்பும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். மக்களைப் பற்றிப் பேச்சில்லை. இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு முடியின் மேலாட்சியை முடிவுக்குக் கொண்டு வந்தது. இத்தனை ஆண்டு ஓங்கி ஒலித்த ‘பாரமவுண்ட்’ அந்தப் பிரிவில் இல்லை. ‘சூசரன்டி’ என்ற வேறொரு சொல்லே இருக்கிறது. போகும்போது பெயரை மாற்றிக்கொண்டு போயிற்று போலும்! உச்சி காலியானதும் அதில் ஏற நினைத்தவர்கள் பலர். அந்த ஜூன் மாதத்திலேயே நிஜாம் தாம் முழு இறைமை பெறப்போவதாகப் பிரகடனம் செய்தார். திருவாங்கூர்த் திவானும் தனி நாடு என்றே முழங்கினார்.

திருவாங்கூர் சில வாரங்களில் இறங்கி வந்தது. ஹைதராபாத் இறங்கவில்லை. விலையைக் கொடுத்தவர் யார்? ரசாக்கர்களின் வன்முறைக்கு ஆளான கிராமத்தார் கொடுத்தனர். 1948 செப்டம்பரில் இந்தியப் படை புகுந்த பின்னர் உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்களில் வெட்டுண்டு மாண்ட எளிய முஸ்லிம் குடும்பங்கள் கொடுத்தன. நிஜாமோ 1950 முதல் 1956 வரை ராஜ்பிரமுகராக வீற்றிருந்தார். உச்சியில் இருந்தவர் படிக்கட்டில் இறங்கினார். பள்ளத்தில் இருந்தவர் மீது குன்று சரிந்தது. அவர்களுக்காகக் கலங்காத கண்கள் அரண்மனைக் கடிகாரங்களுக்காகக் கலங்குவது நமக்கு விளங்கவில்லை.

சொல்லின் நேர்மையான பயன்பாடு இன்று எங்கும் இல்லையா எனில், இருக்கிறது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. காப்பாளரை நியமிக்கும்போது பிள்ளையின் நலனே ‘பாரமவுண்ட்’ என்கிறது அதன் 13ஆம் பிரிவு. இங்கே உச்சியில் வைக்கப்பட்டிருப்பது யார்? பேசத் தெரியாத, சொத்தில்லாத, வாக்கில்லாத குழந்தை. உச்சியில் வைப்பவர் யார்? குழந்தை தன்னைத்தானே வைத்துக் கொள்ளவில்லை, சட்டம் வைத்திருக்கிறது. யாருக்கு மேல்? தகப்பனின் உரிமைக்கும் உறவினரின் உரிமைக்கும் மேல். மூன்று கேள்விக்கும் விடை இருக்கிறது. தந்தை உயிருடன் இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அந்த நலனையே முன்வைத்தது. முஸ்லிம் பிள்ளைகளின் வழக்குகளும் செல்லும் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்திலும் பிள்ளையின் நலனே வழிகாட்டி.

சுற்றறிக்கை எழுதும் அன்பர்கள் இம்மூன்று கேள்விகளையும் தங்கள் வாக்கியத்தின் அருகே வைத்துப் பார்க்கட்டும். நிறுவனத்தின் நலன் பாரமவுண்ட் என்கிறீர்கள். யாருடைய நலனுக்கு மேல்? மாணவியின் நலனுக்கா, சம்பளம் நிலுவையில் கிடக்கும் ஆசிரியரின் நலனுக்கா? ஒற்றுமை பாரமவுண்ட் என்கிறீர்கள். கணக்கைக் காட்டுங்கள் என்று ஒருவர் பொதுக்குழுவில் எழுந்து நின்றபோது மட்டும் அது உங்கள் நினைவுக்கு வருவதேன்? அப்படி முடிவு செய்தவர் யார்? எந்தக் கூட்டத்தில், யார் யார் கைதூக்கி? நீங்களே எழுதி, நீங்களே கையொப்பமிட்டு, உங்கள் குழுவின் விருப்பத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியிருப்பின், அது 1926 மார்ச் 27ஆம் நாள் கடிதத்தின் நகலே. கீழே கையெழுத்துத்தான் வேறு.

1890ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியவர்களும் ஆங்கிலேயரே. ரீடிங் பிரபுவுக்கு மூத்த தலைமுறையினர். அதன் 17ஆம் பிரிவில் ஒரு சிறு உட்பிரிவு இருக்கிறது. பிள்ளை விவரம் அறிந்து விருப்பம் சொல்லும் வயதுடையதாயின், அதன் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்பது அது. அந்த வயது வந்த பிள்ளைகளை, அவர்கள் பெயரால் நடக்கும் பள்ளியின் நிர்வாகத்தார் என்றைக்கு, எதைப்பற்றி, கூப்பிட்டுக் கேட்டிருக்கின்றனர்?